ஓட்டுச் சந்தில் செருகிய துணி

“தப்பா எடுத்துக்கிடாதீக டீச்சர்” என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அன்றைக்கும் அவர் அப்படித்தான் ஆரம்பித்தார். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. உத்தமபாளையத்தில் எங்கள் பெண்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் அப்பாக்களும் அம்மாக்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், திராட்சைத் தோட்டக்காரர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது தோட்டத்தைப் போட்டுவிட்டு வந்து, நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை வாங்கிய நல்ல மனிதர். அதனாலேயே அவர் சொன்னது இன்னும் ஆழமாகத் தைத்தது.

விஷயம் இதுதான். பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப் பொங்கலன்று, உச்சிப் பொழுதில் சூரிய கிரகணம் வருகிறது. அதுவும் சூரியன் வளையமாகத் தெரிகிற கிரகணம். நிலா குறுக்கே வந்து நிற்கும். ஆனால் அன்றைக்கு அது கொஞ்சம் தூரத்தில் இருப்பதால் சூரியனை முழுதாக மூட முடியாது. விளிம்பு மட்டும் நெருப்பு வளையமாக மிஞ்சும். வளையம் தெரிகிற பாதை கன்னியாகுமரிப் பக்கமிருந்து ஏறி வருகிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு அந்தப் பாதையின் வடக்கு ஓரத்தில் கிடக்கிறது. ஓரம் என்பதால் வளையம் முழுதாக மூடுமா மூடாதா என்று கணக்கு டீச்சர் மைமூனுக்கும் எனக்கும் பந்தயமே நடந்தது.

பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைத்துப் பாதுகாப்பாகக் காட்ட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். தலைமையாசிரியை அம்மாள் ஒரே வரியில் முடித்துவிட்டார்: அது விடுமுறை நாள், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் கூட்டம்.

அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். வெல்டிங் பட்டறையில் போட்டுக்கொள்கிற பதினான்காம் நம்பர் கண்ணாடியை எல்லாருக்கும் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டுத் தலைவர் எழுந்தார்.

“தப்பா எடுத்துக்கிடாதீக டீச்சர். கெரகணத்தைப் பாத்தா ஒண்ணும் ஆகாதுங்கிறீக. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்க பாத்தீக. உங்க மக உதட்டை இந்த ஊரே பாத்துச்சு.”

வாசலில் டீ தம்ளர் தட்டோடு நின்றிருந்த என் நாத்தனார் பேச்சியம்மாள், நான் மதினி என்று கூப்பிடுகிறவர், தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் அவர்தான்.

எல்லாரையும் அப்படியே நிறுத்திவிட்டு நான் பத்து வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த மனிதர் பேச்சில் இருந்த நியாயம் உங்களுக்குப் புரியாது.

கடித்த அப்பளம்

ஆயிரம் ஆண்டின் கடைசிச் சூரிய கிரகணம் என்று பத்திரிகைகள் ஆரவாரம் செய்த ஒன்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆடி அமாவாசை, சாயங்கால நேரம். எனக்கு ஐந்து மாதம்.

அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வகுப்பில் நான் பண்ணிய அலப்பறை கொஞ்சநஞ்சமில்லை. ராகுவும் இல்லை கேதுவும் இல்லை, நிழல், வெறும் நிழல் என்று சாக்பீஸ் தேயத் தேயப் பாடம் எடுத்தேன். என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பக்கத்துப் பட்டறையிலிருந்து எனக்காக வெல்டிங் கண்ணாடி ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். “நாளைக்கு நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்று பிள்ளைகளிடம் வீரம் பேசிவிட்டு வந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நாத்தனார் வந்து என் கையைப் பிடித்தார். அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டிய சுவர். அவர் வீட்டு உள்ளறைக்குச் சன்னல் ஒன்றுதான், அதை அடைத்தாயிற்று. மேலே ஓடு. வெளிச்சம் ஒழுகும் ஓட்டுச் சந்துகளில் எல்லாம் பழைய சேலையைக் கிழித்து, ஸ்டூல் போட்டு ஏறி, செருகி வைத்திருந்தார். ஊசி, கத்தி, அரிவாள்மனை எதுவும் அறையில் இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். நகத்தைக் கடிக்காதே, சொறியாதே, எதையும் கிள்ளாதே என்றார். என்னை உள்ளே விட்டுவிட்டு, வெளிவாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். கிரகணம் பிடித்ததும் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அந்த அறைக்குப் புறவாசல் ஒன்று உண்டு. தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது. முந்தானையில் வெல்டிங் கண்ணாடி இருந்தது. தாழ்ப்பாளைத் தூக்கினால் முற்றம், அண்ணாந்தால் வானம்.

நான் தூக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. இயற்பியலில் பட்டம் வாங்கியவள், போர்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தேன். என்னமோ ஆகிவிட்டால்? அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நான் படித்தது எல்லாம் வாயை மூடிக்கொண்டது. முழங்கை அரித்தது. சொறியவில்லை.

மறுநாள் வகுப்புக்குள் கால் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். பாத்தீகளா டீச்சர்?

“பார்த்தேன்” என்றேன்.

எப்படி இருந்துச்சு டீச்சர்?

காலையில் பத்திரிகையில் வந்த படம் மனசில் இருந்தது. “கடித்த அப்பளம் மாதிரி” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கடித்த அப்பளம் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் போய்விட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கேளுங்கள்.

ஊருக்குக் கிடைத்த சாட்சி

மார்கழிக் கடைசியில் கார்த்திகா பிறந்தாள். மேலுதடு இடது பக்கம் மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கேட்டின் அந்தப் பக்கம் போய்ச் சொன்னார்கள். டீச்சர் புள்ளத்தாச்சியா இருந்துக்கிட்டுக் கடிச்ச சூரியனைப் பாத்தாக, புள்ளைக்கு உதடு கடிபட்டுப் போச்சு. நான் சொன்ன அப்பளம்தான். என்னிடமே திரும்பி வந்தது.

நாத்தனார் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் மட்டும் சொன்னார்: “நான் முன்வாசல்ல காவல் இருந்தேன். இவ பொறவாசல் வழியாப் போயிட்டா.” அவர் அப்படிச் சொல்லாமல் வேறு என்ன செய்வார்? நான் அறைக்குள்ளேயே இருந்திருந்தால் பழி அவர் காவல் மேல் அல்லவா விழும்?

பிள்ளைக்கு நான்கு மாதம் ஆனபோது மதுரையில் உதட்டைத் தைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்காகக் கேட்பது போல அந்த டாக்டரிடம் கேட்டேன். ஐந்தாம் மாதத்தில் கிரகணத்தைப் பார்த்தால் உதடு பிளக்குமா? அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: உதடு கூடுகிற வேலை முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும், கூடாமல் போனால் அப்போதே போனதுதான், அதற்குப் பிறகு வானத்தில் என்ன நடந்தால் என்ன? பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் பக்கத்து வீட்டுக்காரியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றார்.

அன்றைக்கே ஊருக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் முதல் கேள்வி, பார்த்தாயா இல்லையா என்பதுதான். பார்க்கவில்லை என்றால் நான் பொய்க்காரி, கூடவே பயந்தாங்கொள்ளி. வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பேன்? வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். பூட்டு அப்படியே துருப்பிடித்துவிட்டது.

கார்த்திகா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் புத்தகப் பையைக் கழற்றாமலேயே வந்து நின்றாள். பிள்ளைகள் அவளைக் ‘கிரகணம்’ என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. “என்னைய வயித்துல வச்சுக்கிட்டு ஏம்மா பாத்த?” என்று மட்டும் கேட்டாள்.

“பார்த்தால் ஒன்றும் ஆகாது கண்ணு” என்றேன். உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் அது இல்லை. அவள் என்னை நம்பாத பார்வை ஒன்று பார்த்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

உலக்கை ஆராய்ச்சி

வாயால் சொல்லத் தைரியமில்லாதவள் வேறு என்ன செய்வாள்? ஆராய்ச்சி செய்தேன். சிரிக்காதீர்கள். விண்வெளியில் நடந்தால்தான் ஆராய்ச்சியா?

உலக்கை கிரகணத்தன்று மட்டும்தான் நிற்கும் என்கிறார்களே, மற்ற நாளில் நிற்க வைத்துக் காட்டினால்? ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஆரம்பித்தேன். விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். விழுந்தது. மூன்றாவது தடவை என் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது. வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தவர், நான் தாம்பாளத்துக்கு முன்னால் குந்தியிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தானே டீ போட்டுக் குடித்தார்.

உலக்கையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அடியில் மாட்டிய இரும்புப் பூண் தேய்ந்து உருண்டு போயிருந்தது. மிளகாய் இடிக்கிற வீட்டில் தட்டையான பூண் போட்ட உலக்கை ஒன்று இரவல் வாங்கினேன். தரையில் மட்டம் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கையை எடுத்தேன். நின்றது! விளக்கு வைக்கும் நேரம் வரை நின்றது.

அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, இன்றைக்குப் பிரதோஷம், அதனால்தான் என்றாள். சரி என்று மறுநாளும் நிறுத்தினேன். தேய்பிறை என்றாள். வளர்பிறையிலும் நிறுத்தினேன். நாள், கிழமை, மணி எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளையே நிறுத்த வைத்தேன். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் ஒரே மாதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் ஆகிவிட்டார்கள்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரிடம் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, “உனக்கும் நிக்கிது, கெரகணத்துக்கும் நிக்கிது. அதுக்கென்ன இப்ப?” என்றார். நாற்பது பக்கமும் ஒரே கீரைத் தண்டோடு போய்விட்டது.

அந்த வருடம்தான் நம் நாட்டு விண்கலம் நிலாவில் தண்ணீர் இருப்பதற்கான தடயத்தைக் கண்டுபிடித்தது என்ற செய்தி வந்தது. பத்திரிகையை வெட்டிப் பள்ளிப் பலகையில் ஒட்டினேன். இங்கன கொழாயில மொதல்ல தண்ணி வரட்டும் டீச்சர் என்று வாட்ச்மேன் கேலி பேசினார். பேசட்டும். எனக்கோ ஒரே கொதிப்பு. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் அனுப்பிய கலம் நிலாவைச் சுற்றி வந்து தண்ணீர் தேடுகிறது. அதே நிலாவின் நிழல் எங்கள் தெருவுக்கு வரும்போது எங்கள் பெண்பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். கண்ணாடி தேடினேன், படம் வரைந்தேன், கூட்டம் போட்டேன்.

ஒன்றைத் தவிர எல்லாம் செய்தேன். அந்த ஒன்றைத்தான் திராட்சைத் தோட்டக்காரர் எழுந்து கேட்டுவிட்டார்.

பூட்டைத் திறந்தது

இனி அந்த அறைக்குப் போகலாம். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள்.

டாக்டர் சொன்னதைச் சொல்லித் தப்பிக்கத்தான் முதலில் வாய் போனது. வாசலில் நாத்தனார் குனிந்த தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, பாவம் பார்த்தார். பிள்ளையின் உதட்டைக் கெடுத்துக்கொண்டவள் என்று பத்து வருடமாக என்னை மன்னித்துக்கொண்டிருந்த கண் அது. எனக்கு அது பொறுக்கவில்லை.

“நான் பாக்கலை” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

“அன்னைக்கு நான் கெரகணத்தைப் பாக்கவே இல்லை. மதினி வீட்டு உள்ளறையில போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். பயமா இருந்துச்சு. மறுநாள் பிள்ளைககிட்டப் பாத்தேன்னு சொன்னது பொய். கடிச்ச அப்பளமும் பொய். ஒரு புள்ளத்தாச்சி என்னென்ன செய்யக் கூடாதுன்னு சொல்றீகளோ, அதுல ஒண்ணையும் நான் செய்யலை. அப்பிடியும் எம் மகளுக்கு உதடு பிளந்துதேன் இருந்துச்சு.”

பிறகுதான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

பின் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். அவருடைய பெரிய மகள் அந்தப் பழைய வகுப்பில் என்னிடம் படித்தவள். “அப்ப எம் மகளுக்குப் பொய்யச் சொல்லிக் குடுத்தீகளா டீச்சர்?” என்றார்.

“ஆமா” என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கையெழுத்துத் தாளைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். தலைவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினார். நாத்தனார் டீத் தட்டை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் இரண்டு தம்ளர் கவிழ்ந்தது. துடைக்காமலே போனார்.

மைமூன் டீச்சர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கவிழாத டீ ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். மீதியிருந்த தாள்களை எண்ணினோம். பாதிகூடத் தேறவில்லை. “வர்றவுகளுக்குக் காட்டுவோம் டீச்சர்” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கார்த்திகாவிடம் சொன்னேன். ஊருக்குச் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. முழுதும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: “அப்ப நீ பாக்கவே இல்லையா? கையில கண்ணாடி இருந்துமா?”

“இல்லை.”

“அய்யோ பாவம்மா நீ” என்றாள். அவளுக்கு என் பொய்யைவிட நான் ஒரு கிரகணத்தைத் தவறவிட்டதுதான் பெரிதாகப் பட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தத் தடவை இரண்டு பேரும் பார்ப்போம் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

மதினியின் கேள்வி

நாத்தனார் நான்கு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அவர் வீட்டில் இன்னொரு காரியமும் இருந்தது. அவருடைய மகள் முத்துலட்சுமியைச் சின்னமனூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் பொங்கலுக்குத் தாய் வீடு வந்திருந்தாள். அவளுக்கும் ஐந்து மாதம். அதே உள்ளறையில் சன்னலை அடைத்தாயிற்று. ஸ்டூல் போட்டு ஏறி ஓட்டுச் சந்தில் துணி செருகுவதை நானே வாசலிலிருந்து பார்த்தேன்.

பொங்கலன்று சாயங்காலம் நாத்தனாரே வந்தார். திண்ணென்று நின்றுகொண்டே கேட்டார்.

“பொறவாசலைத் தெறக்கவே இல்லையா நீ?”

“இல்லை மதினி.”

“ஒரு தடவகூட?”

“தாழ்ப்பாள்ல கையே வைக்கலை.”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். “ஊரெல்லாம் சொல்லிட்டேனே ராணி” என்றார். “பத்து வருசமா வாய் ஓயாமச் சொல்லிட்டேனே. எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கப்புடாதா?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை. முத்துவை வெளியே அனுப்பச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஒருத்தியின் பயத்தை இன்னொருத்தி கழற்றி எடுக்க முடியாது. அந்த அறையில் படுத்துக் கிடந்தவளுக்கு அது தெரியும்.

உச்சிப் பொழுது

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மேகமலைப் பக்கம் கொஞ்சம் பனிமூட்டம் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் விலகி வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. மாடுகள் கொம்புக்கு வர்ணம் அடித்துத் தயாராக நின்றன, பொங்கல் மட்டும் கிரகணம் விட்ட பிறகுதான் என்று வைத்திருந்தார்கள். பள்ளிவாசலில் ஜும்மாவோடு கிரகணத் தொழுகையும் உண்டு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்களுக்கு இது பயப்படுற நேரம் இல்லை, தொழுகுற நேரம் என்று மைமூன் டீச்சர் சொன்னார். தன் தெருப் பிள்ளைகளை ஒரு கூட்டமாகக் கூட்டி வந்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டதைவிட வந்தது இன்னும் குறைவு. தலைவரின் மகள் பெயரைப் பட்டியலில் அடித்துவிடலாமா என்று நான் பேனாவை எடுத்தபோது கேட்டில் மோட்டார் சைக்கிள் நின்றது. மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு அவரே வந்திருந்தார். கையெழுத்து எங்கே என்றேன்.

“நானே வந்துட்டேன்ல, அப்பறம் என்னத்துக்குக் கையெழுத்து?” என்றார். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, “இம்புட்டுப் பேருக்கு முன்னால பொய்ய ஒத்துக்கிட்டவுக இதுல பொய் சொல்ல மாட்டாகன்னு பட்டுச்சு” என்றார். முதல் கண்ணாடியை அவர் கையில்தான் கொடுத்தேன். முதலில் அவர் பார்த்தார், பிறகு மகளுக்குக் கொடுத்தார்.

கிரகணம் பிடிக்கும் முன்பே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உலக்கையை நிறுத்திக் காட்டினார்கள். பிடித்த பிறகு ஒருத்தி விரலால் தள்ளிக் கீழே விழ வைத்தாள். அதற்கு எழுந்த சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது.

ஒரு மணியை நெருங்க நெருங்க வெயில் வெளிறியது. பகலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குளிர் வந்தது. வேப்பமரத்துக் காக்காய்கள் குழம்பிப் போய்க் கத்தின. கார்த்திகாவும் நானும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நிலா உள்ளே ஏறி வந்து நின்றது. ஒரு பக்கம் தடித்து, இன்னொரு பக்கம் நூலாக இளைத்து, சூரியன் வளையலாக நின்றது. நாற்பது வயதைத் தாண்டி, பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் பாடம் எடுத்து, முதல் தடவையாக நான் ஒரு கிரகணத்தைப் பார்த்தேன். அழுதேன். கண்ணாடி மறைத்துக்கொண்டது.

வளையம் முழுதாக மூடியது என்று ஒருத்தி சொன்னாள். மயிரிழை விட்டுப்போச்சு என்றாள் இன்னொருத்தி. மைமூன் டீச்சர் மூடவில்லை என்றார், நான் மூடியது என்றேன். அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவரவர் நோட்டில் எழுதுங்கள், அடுத்தவள் நோட்டைப் பார்க்காதீர்கள் என்றேன். அந்த நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சண்டையும் தீரவில்லை.

இரண்டு மணிக்கு மேல் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நானும் கார்த்திகாவும் வீட்டுக்கு நடந்தோம். கிரகணம் இன்னும் முழுசாக விடவில்லை. நாத்தனார் வீட்டு வாசலில் உலக்கை இல்லை, தாம்பாளம் இல்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தேன். சன்னல் அடைத்தபடியேதான் இருந்தது. ஆனால் ஓட்டுச் சந்துத் துணிகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. தரையில், சுவரில், கட்டிலில், முத்துவின் சேலையில், எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னப் பிறைகள். ஓட்டை வழியே நுழைகிற வெளிச்சம் சூரியனையே படமாக இறக்கிவிடுகிறது, ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு சூரியன். இருட்டறையை விடக் கிரகணம் பார்க்கச் சிறந்த இடம் ஊரில் வேறு இல்லை. அந்த இடத்தில் போர்வையை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேனே நான்!

“அம்மாதேன் பிடுங்கிவிட்டுச்சு அத்தை” என்றாள் முத்து. “ஒரு மணி இருக்கும். எல்லாம் வளையமாயிருச்சு. இப்பிடிக் கையை நீட்டினேன், மணிக்கட்டுல வந்து விழுந்துச்சு.”

நாத்தனார் ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் தரையில் கிடந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் ஏழாம் மாசம் வளைகாப்புப் போடலாம்னு இருந்தேன். சூரியன் முந்திக்கிருச்சு.”

கடைசியாக ஒன்று

வீரமாக எல்லாம் எழுதிவிட்டேன். உண்மையையும் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு நான்கு மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஒரு குழந்தை எதையும் நிரூபிக்காது, என் மகளும் நிரூபிக்கவில்லை, முத்துவின் பிள்ளையும் நிரூபிக்காது என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஆனாலும், ஏதாவது ஒன்று என்றால் ஊர் என்ன சொல்லும், மதினி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அறிவுக்குத் தெரிந்தது அடிவயிற்றுக்குத் தெரிய நாளாகும் போல.

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தேனி ஆஸ்பத்திரியில் முத்துவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நானும் கார்த்திகாவும் பஸ் பிடித்துப் போனோம். நாத்தனார் துண்டை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினார்.

“பாரு ராணி. உதடு நல்லாருக்கு.”

கார்த்திகா முன்னால் போய்க் குனிந்து, குழந்தையின் உதட்டை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தன் தழும்பு மேல் ஒரு விரலை வைத்தாள்.

“என்னோடதும் நல்லாத்தேன் இருக்கு அத்தை” என்றாள். கோபமாக இல்லை. பார்த்ததைச் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

நாத்தனார் கட்டிலில் இடம் பண்ணி, சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, குழந்தையை முதலில் அவள் மடியில் வைத்தார்.

“ஆமாத்தா” என்றார். “நல்லாத்தேன் இருக்கு.”